அளவு நோட்டு

அம்மா ஜாக்கெட் தைப்பவள். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகவேண்டிய ஊர் எங்களுடையது. முன்திண்ணையில் ஒரு உஷா மிஷின், தலைக்கு மேல் ஒரு டியூப் லைட், கை எட்டும் தூரத்தில் ஒரு நீள நோட்டு. அவளிடம் தைக்கும் பெண்கள் அத்தனை பேரின் அளவும் அந்த நோட்டில் இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். உயரம், மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கைச்சுற்று. உடம்பு மாறினால் பழைய அளவை அடித்துவிட்டு, பக்கத்திலேயே தேதி போட்டுப் புது அளவை எழுதுவாள். யாருக்குக் கல்யாணமானது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் படுக்கையில் விழுந்து எழுந்தார்கள் என்பதெல்லாம் அந்த அடித்தல் திருத்தல்களைப் பார்த்தாலே தெரியும்.

அம்மாவுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. மேலே பெயர் எழுதும் இடத்தில் ‘நான்’ என்று மட்டும் போட்டிருப்பாள்.

2018 மே மாதம். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஹார்மோன் டாக்டர் முன்னால் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். “எப்பலேருந்து இப்படி உடம்பு போட்டுச்சு?” என்று அந்த டாக்டரம்மா கேட்டார். அப்பா முந்திக்கொண்டார். “ஒன்றரை வருஷமா வாய்க்கட்டே இல்லைங்க.” அம்மா எதுவும் சொல்லவில்லை. ஒயர் கூடையிலிருந்து நோட்டை எடுத்து, ‘நான்’ பக்கத்தைத் திறந்து மேஜை மேல் வைத்தாள்.

2016 தீபாவளி: இடுப்பு 34, கைச்சுற்று 12. 2017 பொங்கல்: இடுப்பு 35½, கைச்சுற்று 12. 2017 தீபாவளி: இடுப்பு 40, கைச்சுற்று 10½. 2018 பொங்கல்: இடுப்பு 42, கைச்சுற்று 9¾.

டாக்டர் அந்த எண்களின் மேல் இரண்டு தடவை விரலை ஓட்டினார். “வயிறு ஏறுது, கை இறங்குது. தின்னு பெருத்தா கையும் சேர்ந்துதான் பெருக்கும். இது வேற” என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவை ஒருவர் நம்பியதை அந்த ஒன்றரை வருடத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

*

அந்த ஒன்றரை வருடத்தில் அவளுக்கு நடந்ததை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அப்போது அது வரிசையாகத் தெரியவில்லை. முகம் வட்டமாகி, கன்னம் எப்போதும் வெயிலில் நின்றதுபோலச் சிவந்திருந்தது. விரல் முட்டிகள் கருத்தன. கட்டிலில் லேசாக இடித்துக்கொண்டால்கூட நீலம் பாய்ந்தது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. மிஷினை மிதிக்கும்போது தொடை நடுங்கியது. சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது. மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளர்ந்தது.

தைக்கக் கொடுக்க வந்தவர்கள் “என்னக்கா, தாடி வளக்குறியா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு, நான் ஊருக்கு வந்திருந்த ஒரு சனிக்கிழமை, “தம்பி, கடைக்குப் போனா ஒரு பிளேடு வாங்கிட்டு வாடா” என்றாள். வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

தூக்கம் போனது. இரவு இரண்டு மணிக்குத் திண்ணையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். அப்புறம் கோபம் வந்தது. அதற்கு முன்னால் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. இப்போது சோறு குழைந்தால் கோபம், அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினால் கோபம், நான் போன் செய்தால் கோபம், செய்யாவிட்டாலும் கோபம்.

2018 தை மாதம் அத்தை வீட்டில் காதுகுத்து. பந்தியில் அத்தை, “மதினிக்கு இப்பல்லாம் நல்ல பூரிப்பு” என்றாள், பத்துப் பேர் சிரிக்கும்படி. அம்மா இலையைத் தள்ளிவிட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “எம் பேர்ல இருந்த இடத்த வித்துத்தானடி உம்மகளுக்குக் கல்யாணம் பண்ணுன. அவ பிள்ளைக்குக் காதுகுத்துக்கு என்னையவே கூப்பிட்டு உக்கார வெச்சுச் சிரிக்கிறியா?” மண்டபம் முழுக்கக் கேட்டது. நிறுத்தவே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காரில் ஏற்றினோம்.

அந்த இடம் மூன்று சென்ட். தையல் காசில் சீட்டுக் கட்டி 2004இல் அம்மா வாங்கியது. 2011இல் அதை விற்றார்கள். ‘விற்கலாமா?’ என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. ரெஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு வருடம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் நாங்களும் அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தோம்.

*

ஹார்மோன் டாக்டர் சந்தேகப்பட்டது குஷிங் சிண்ட்ரோம். உடம்பில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் நெடுநாள் அளவுக்கு மீறிச் சுரந்தால் வருவது. முதலில் 24 மணி நேரச் சிறுநீரை ஒரு பிளாஸ்டிக் கேனில் சேகரிக்க வேண்டியிருந்தது. லாட்ஜ் பாத்ரூமிலிருந்து அந்தக் கேனைத் துண்டில் சுற்றி, பிரசாதத் தூக்கைப்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். அடுத்தது, இரவு பதினொரு மணிக்கு ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, காலை எட்டு மணிக்கு ரத்தம். ஒழுங்கான உடம்பு அந்த மாத்திரையைக் கண்டதும் “போதும், வெளியிலேருந்தே வருது” என்று கார்ட்டிசாலைக் குறைத்துக்கொள்ளும். காலையில் அது 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அம்மாவுக்கு 31. பொட்டாசியம் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டிய இடத்தில்.

கார்ட்டிசாலைச் சுரப்பது சிறுநீரகத்தின் மேல் குல்லாய்போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. அதற்கு ஆணையிடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி. ஆணையின் பெயர் ஏ.சி.டி.எச். அம்மாவின் ரத்தத்தில் அந்த ஆணை அதிகமாக இருந்தது. அப்படியென்றால் பெரும்பாலும் பிட்யூட்டரியில் ஒரு சின்னக் கட்டி இருக்கும். ஆனால் எம்.ஆர்.ஐ.யில் எதுவும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு தொடை இடுக்கிலும் குழாய் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடியும் சிரைகள் வரைக்கும் கொண்டுபோய் அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். ஆணை பிட்யூட்டரியிலிருந்து வருவதாக இருந்தால், அங்கே எடுத்த ரத்தத்தில் கையில் எடுத்ததைவிட இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

“தலையிலேருந்து வரல. அப்ப வேற எங்கேயோ இருந்து வருது. முதல்ல நெஞ்சப் பார்ப்போம்” என்றார் டாக்டர். சி.டி.யில் வலது நுரையீரலின் நடு மடலில் 1.4 செ.மீ. அளவில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. அவள் ஒரு தடவைகூட இருமியதில்லை.

*

நுரையீரலில் இருக்கும் கட்டி எப்படி ஹார்மோன் சுரக்கும்? இந்தக் கேள்விக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் போனும் கையுமாக எத்தனையோ ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

நம் மூச்சுக்குழாய்களின் உள்சுவரில், நூறில் ஒன்றுக்கும் குறைவாக, ஒரு வகை செல்கள் இருக்கின்றன. பாதி நரம்பு செல்லின் குணம், பாதி சுரப்பி செல்லின் குணம். அதனால்தான் நியூரோஎண்டோக்ரைன் என்று பெயர். மூச்சில் ஆக்சிஜன் குறைகிறதா என்று உளவு பார்ப்பதும், செரோட்டோனின் போன்ற ரசாயனங்களைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்திருந்து தேவைப்படும்போது அவிழ்ப்பதும் அவற்றின் வேலை. கருவிலிருக்கும் குழந்தைக்கும் பிறந்த குழந்தைக்கும் அவை முக்கியமானவை. குடல், கணையம், நுரையீரல் என்று உடம்பு முழுக்கச் சிதறிக் கிடக்கும் இப்படிப்பட்ட செல்களை ஒரே அமைப்பாகச் சேர்த்துப் பார்த்தவர் ஃபிரெட்ரிக் ஃபெய்ர்ட்டர், 1938இல். இந்த செல்களின் குணம் கொண்ட கட்டிகள் சிலசமயம் ஹார்மோனும் சுரக்கும்.

எதைச் சுரக்கும் என்பது கட்டிக்குக் கட்டி மாறும். செரோட்டோனின் சுரந்தால் முகம் குப்பென்று சிவக்கும், பேதியாகும், மூச்சு இழுக்கும். குடல் கட்டிகளோடு ஒப்பிட்டால் நுரையீரலில் இது அபூர்வம். அந்த வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். வருடக்கணக்காக ஆஸ்துமா என்று இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருந்தவர். அவருக்கும் சிறுநீர்க் கேன்தான். ஆனால் வாழைப்பழம், அன்னாசி, தக்காளியெல்லாம் கூடாது, அவற்றிலும் செரோட்டோனின் இருப்பதால் கணக்குத் தப்பிவிடும். “பழனிக்காரனை வாழைப்பழம் திங்காதேன்னா எப்படிப்பா?” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். மிகச் சில கட்டிகள் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடும், நடுவயதில் கை கால் பெருக்கும். நுரையீரலின் ஸ்மால் செல் புற்றுநோய் பலருக்கு உடம்பில் நீரைத் தேக்கும் ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும்.

அம்மாவின் கட்டி சுரந்தது ஏ.சி.டி.எச். பிட்யூட்டரி சுரப்பதும் அதே சரக்குத்தான், 39 அமினோ அமிலம் கோத்த அதே மாலை. அந்த மாலையின் முதல் 13 மணிகள்தான் தோலுக்கு நிறமூட்டும் இன்னொரு ஹார்மோனின் சங்கிலி. விரல் முட்டி கருத்ததன் காரணம் இது. பிட்யூட்டரிக்கும் கட்டிக்கும் வித்தியாசம் ஒன்றுதான். கார்ட்டிசால் ஏறினால் பிட்யூட்டரி ஆணையை நிறுத்திக்கொள்ளும். கட்டி பெரும்பாலும் நிறுத்தாது. அதற்குப் பேசத் தெரியும், கேட்கத் தெரியாது.

1928இல் டபிள்யூ. எச். பிரவுன் என்ற மருத்துவர் லான்செட் இதழில் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். முகத்தில் முடி, சர்க்கரை, நுரையீரலில் புற்று, வீங்கிய அட்ரினல். நுரையீரலுக்கும் முகத்து முடிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. 1962இல்தான் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் லிடிலும் அவருடைய சகாக்களும் இத்தகைய கட்டிகளுக்குள்ளேயே ஏ.சி.டி.எச். இருப்பதைக் காட்டினார்கள். பிரவுனின் கட்டுரைத் தலைப்பில் இருந்த வார்த்தைகளை அந்த வராந்தாவில் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘தாடி வைத்த பெண்களின் நீரிழிவு.’ லண்டன் பத்திரிகையும் எங்கள் ஊர்த் திண்ணையும் ஒரே பெயரைத்தான் வைத்திருந்தன. பிளேடு வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

*

“கார்சினாய்டு” என்றார் டாக்டர். அந்த மார்ச்சில்தான் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு நியூரோஎண்டோக்ரைன் கட்டி என்று அறிவித்திருந்தார். அப்பா பேப்பரில் படித்திருந்தார். “அதேவா?” என்று கேட்டார். “குடும்பப் பேரு ஒண்ணு, ஆளு வேற” என்றார் டாக்டர். நுரையீரலிலேயே நான்கு வகை. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதை மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்த்துப் பிரிப்பார்கள். இரண்டு சதுர மில்லிமீட்டரில் இரண்டுக்கும் குறைவாக இருந்து, செத்த திசுவும் இல்லையென்றால் ரொம்ப சாது. பத்தைத் தாண்டினால் ஸ்மால் செல்லைப் போன்ற முரட்டு வகை.

“கார்சினாய்டுன்னா என்னங்கம்மா?” என்று அம்மா கேட்டாள்.

“புற்றுநோய் மாதிரின்னு அர்த்தம்.”

“மாதிரின்னா? புற்றுநோயா, இல்லையா?”

டாக்டர் சிரித்துவிட்டார். அந்தப் பெயரை 1907இல் வைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபர்ண்டோர்ஃபர். குடலில் பார்த்த சிறு கட்டிகள் பரவுவதில்லை என்று நினைத்து வைத்த பெயர். 1929இல் அவரே, பரவவும் செய்யும் என்று திருத்திக்கொண்டார். பெயர் மட்டும் தங்கிவிட்டது. “புற்றுநோய்தாம்மா. ஆனா சோம்பேறி. முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் திரும்பி வராது.”

ஆபரேஷனுக்கு முன்னால் கார்ட்டிசாலை இறக்கக் கீட்டோகோனசோல் கொடுத்தார்கள். படர்தாமரைக்குக் கொடுப்பார்களே, அதே மருந்து. அட்ரினல் கார்ட்டிசால் செய்வதையும் அது தடுக்கும். ஜூலையில் நடு மடலை முழுசாக எடுத்தார்கள். நிணநீர்க் கணுக்களில் எதுவும் இல்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் டிப்பிக்கல் கார்சினாய்டு, ஏ.சி.டி.எச். சாயம் பாசிட்டிவ் என்று இருந்தது.

மறுநாள் காலை கார்ட்டிசால் 2க்கும் கீழே. டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள். அம்மாவோ அடித்துப் போட்டதுபோலக் கிடந்தாள். மூட்டெல்லாம் வலி, குமட்டல், தோல் உரிந்தது. வேறு ஒருவன் விடாமல் கத்திக்கொண்டிருந்த காலமெல்லாம் பிட்யூட்டரி வாயை மூடிக்கொண்டிருந்தது. அது மறுபடி பேசப் பல மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, காலையில் கூடுதலாக, மத்தியானம் கொஞ்சம்.

*

ஆஸ்பத்திரியிலேயே அப்பா சொன்னார். “அப்ப இவ்வளவு நாளு பேசுனதெல்லாம் அந்தக் கட்டிதானா?” முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஊருக்குப் போனதும் அத்தைக்குப் போன் போட்டார். “அது ஹார்மோன் பண்ணுன வேலை. அவளுக்கே தெரியாது, நீ மனசுல வெச்சுக்காத.” அத்தை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்து, அம்மாவை மன்னித்துவிட்டுப் போனாள்.

நானும் அதையேதான் பற்றிக்கொண்டேன். எனக்கு அப்பாவைவிட நல்ல ஆதாரங்கள் இருந்தன. குஷிங் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மனச்சோர்வோ எரிச்சலோ தூக்கமின்மையோ வரும் என்று படித்திருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கு லேசாக இருந்தது. ஏன் என்பதை இங்கேதான் சொல்ல வேண்டும். 2011இல் அந்தக் கிரயப் பத்திரத்தில் இரண்டு சாட்சிகள். ஒருவர் அப்பாவின் சிநேகிதர். இன்னொருவன் நான். பத்தொன்பது வயது. “சும்மா ஒரு கையெழுத்துடா” என்றார்கள். அம்மா எனக்கு முன்னால்தான் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

2019 பங்குனி வெயில். மாத்திரை பாதியாகக் குறைந்திருந்தது. அம்மா மறுபடி மிஷினில் உட்கார ஆரம்பித்திருந்தாள். யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் திண்ணையில் நின்று, “அப்ப அம்மா பேசுனதுக்கெல்லாம் அம்மா பொறுப்பு இல்லக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் போனதும் மிஷின் நின்றது.

“இங்க வாடா.”

போனேன்.

“அந்தக் கட்டிக்கு மூணு சென்ட் இடம் இருந்துச்சா?”

நான் பேசவில்லை.

“கத்துனது வேணா கட்டியா இருக்கலாம். அது எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு. அத்தன பேரு முன்னால அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனா சொன்னது நான். நீங்கள்லாம் சேந்து அதையும் வெட்டி அந்த ஆஸ்பத்திரியிலயே போட்டுட்டு வந்துட்டீங்க.”

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, சாதாரணக் குரலில்தான் சொன்னாள். அவளுடைய கார்ட்டிசால் அப்போது கிட்டத்தட்ட சரியான அளவில் இருந்தது. ரிப்போர்ட் என் பேக்கில் இருந்தது.

ஹார்மோன் என்ற சொல்லை 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் முதலில் பயன்படுத்தினார். தூண்டுவது, கிளப்புவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. அதைப் பலமுறை படித்திருந்தும் அன்றைக்குத்தான் உறைத்தது. தூண்டுவதற்கு உள்ளே ஏற்கெனவே ஒன்று கிடந்திருக்க வேண்டும். கார்ட்டிசால் அவளுடைய தூக்கத்தைப் பறித்திருக்கலாம், அடக்கிவைக்கும் பலத்தைப் பறித்திருக்கலாம். மூன்று சென்ட்டை அது கற்பனை செய்யவில்லை.

“நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதும்மா” என்றேன். எட்டு வருடம் கழித்து.

“ஆமா, போட்டிருக்கக் கூடாது” என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இடம் திரும்பி வரவில்லை. அங்கே இப்போது மாடி வீடு நிற்கிறது. மாதாமாதம் அவள் பேரில் ஒரு தொகை போடுகிறேன். அது பிராயச்சித்தம் ஆகாது என்று இருவருக்கும் தெரியும். பாஸ்புக்கை அளவு நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். ‘நான்’ பக்கத்தில் கடைசியாக எழுதியிருப்பது: இடுப்பு 36, கைச்சுற்று 11¼. பன்னிரண்டு திரும்பவில்லை.

வருடம் ஒருமுறை பரிசோதனைக்குச் சென்னை வருகிறாள். 2023இல் போனபோது பழைய டாக்டர் இல்லை. சின்ன வயசுப் பையன் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார். “கோபம், எரிச்சல் எல்லாம் எப்படி இருக்கு? பிஹேவியர் நார்மலா இருக்காங்களா?”

அம்மா பக்கத்து நாற்காலியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவங்களையே கேளுங்க சார்” என்றேன்.